நீ நட்ட கொடியும் உங்க அம்மா சொன்ன சாட்சியும்

தம்பி,

இதை போன்ல சொல்ல முடியாது. நீ கூப்பிடும்போதெல்லாம் உங்க அம்மா என் தோளை உரசிக்கிட்டு உட்கார்ந்திருப்பா. நான் ஏதாவது சொல்ல வாயெடுத்தா தொடையில ஒரு கிள்ளு. அதனால மொட்டை மாடிக்கு வந்து, தண்ணி டேங்க் நிழல்ல உட்கார்ந்து எழுதறேன். இங்கே அவளால இப்போ ஏறி வர முடியாது. ஏன் முடியாதுன்னு சொல்லத்தான் இந்தக் கடிதம். எழுதினதும் ஒவ்வொரு பக்கமா போட்டோ எடுத்து அனுப்பறேன். பாதி படிச்சிட்டு பதறிப்போய் போன் பண்ணாதே, கடைசி வரைக்கும் படி. படிச்சிட்டு யாருக்கு வேணும்னாலும் காட்டு. அந்தத் தோட்டத்துல இலை பறிக்கிற அத்தனை பேரும் படிச்சாலும் எனக்கு ஒண்ணுமில்ல. படிச்சா நல்லதுன்னுகூட நினைக்கிறேன்.

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். அந்தத் தோட்டம் நல்ல காரியம். நீ அதை ஆரம்பிச்சப்போ நான் எவ்வளவு கிண்டல் பண்ணேன்னு உனக்கு ஞாபகம் இருக்கும். சனிக்கிழமை ஆனா பைக்கை எடுத்துக்கிட்டு கூடுவாஞ்சேரி தாண்டி உங்க அம்மா பிறந்த ஊருக்குப் போயிடுவே. சர்ச் பக்கத்துல இருந்த அந்த முள்ளுக்காட்டை வெட்டி, கையெல்லாம் கீறிக்கிட்டு வருவே. "தாம்பரத்துல ஒரு தொட்டிக்குத் தண்ணி ஊத்தாதவன் அங்க போய் ஊருக்கே வைத்தியம் பண்றானாம்"னு சொன்னேன். சொல்லிட்டு நான்தான் திருமுடிவாக்கத்துல நான் வேலை பார்த்த பட்டறையில கெஞ்சி, அங்கேயே கேட்டும் வேலிக் கம்பியும் வெல்டிங் பண்ணிக் கொண்டுவந்து நட்டேன். நான் லேத்துல நின்னே வயசைக் கழிச்சவன். எனக்கு இரும்பு தெரியும், இலை தெரியாது. ஆனா தூதுவளையும் கற்பூரவல்லியும் ஆடாதொடையும் தழைச்சு வந்தப்போ எனக்கே ஒரு மாதிரி பெருமையா இருந்தது. வீட்டுக்கு ஒரு பாத்தின்னு நீ பிரிச்சுக் கொடுத்தே. சர்ச்சுக்கு வர்றவங்களும் அம்மன் கோயிலுக்குப் போறவங்களும் ஒரே குழாயில தண்ணி பிடிச்சு ஊத்தினாங்க. குழந்தைக்குச் சளி பிடிச்சா யாரு பாத்தின்னு பார்க்காம பறிச்சுக்கலாம்னு அவங்களே பேசி வெச்சுக்கிட்டாங்க. அதெல்லாம் சும்மா வர்றதில்ல. நீ கொண்டு வந்தே.

ஆனா திறப்பு விழா அன்னிக்கு நீ ஒரு வித்தை காட்டினே பாரு. அங்கதான் எல்லாம் ஆரம்பிச்சது. சர்ச் மைக்கை வெளியே இழுத்துக்கிட்டு வந்து, சிறுகுறிஞ்சான் கொடியோட இலையை ஆளுக்கு ரெண்டு கொடுத்து மெல்லச் சொன்னே. கசப்புல எல்லாரும் முகத்தைச் சுளிச்சாங்க. அப்புறம் கையில ஆளுக்கு ஒரு ஸ்பூன் சர்க்கரை போட்டு வாயில போடச் சொன்னே. இனிப்பே தெரியல! மண்ணைத் தின்ன மாதிரி இருந்தது. எனக்கும்தான். கூட்டத்துல ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டாங்க. அப்புறம் ஒரே சிரிப்பு, ஒரே கத்தல். நீ மைக்ல, "பார்த்தீங்களா, சர்க்கரை செத்துப்போச்சு!"ன்னு சொன்னே. உங்க அம்மா முன் வரிசையில நின்னு, இன்னும் கொஞ்சம் சர்க்கரையை வாங்கி வாயில போட்டுக்கிட்டு, குழந்தை மாதிரி கண்ணை அகலமாக்கி என்னைப் பார்த்தா. "என்னங்க, நிஜமாவே செத்துப்போச்சுங்க"ன்னா. அது நாக்கை ஏமாத்தற இலைன்னு நீ அப்புறம் விளக்கினே. ரத்தத்துல இருக்கற சுகர் வேற, டாக்டர் கொடுத்த மாத்திரையை யாரும் விடக்கூடாதுன்னும் சொன்னே. நீ சொன்னேன்னு நான் எங்க வேணும்னாலும் சொல்லுவேன். ஆனா கேட்டது யாரு? அதுக்குள்ள சாப்பாட்டுப் பந்தி போட்டுட்டாங்க. வித்தையைப் பார்த்தவங்க எல்லாரும் இருந்தாங்க, விளக்கத்தைக் கேட்டவன் நான் ஒருத்தன்தான்.

நீ கத்தாருக்குப் போன பிறகு உங்க அம்மா இடிஞ்சு போயிடுவான்னு நினைச்சேன். ஏர்போர்ட்ல உன்னை விட்டுட்டு வரும்போது தாம்பரம் வரைக்கும் முந்தானையால கண்ணைத் துடைச்சுக்கிட்டே வந்தா. ஆனா அடுத்த வாரமே புடவையை இழுத்துச் சொருகிக்கிட்டு, தாம்பரத்துல ரயில் ஏறி, கூடுவாஞ்சேரியில இறங்கி, ஷேர் ஆட்டோ பிடிச்சு தோட்டத்துக்குப் போக ஆரம்பிச்சா. நீ இல்லாத குறையை அந்தச் செடிங்ககிட்ட தீர்த்துக்கறான்னு நான் சந்தோஷப்பட்டேன். வரும்போது பையில சிறுகுறிஞ்சான் இலை கொண்டுவருவா. காலையில வெறும் வயித்துல மெல்லுவா. மெல்லட்டும், கசப்பு உடம்புக்கு நல்லதுன்னு விட்டேன். ஒரு நாள் நம்ம வாசல்ல இருக்கற கறிவேப்பிலைத் தொட்டிக்குத் தண்ணி ஊத்தறேன், மண்ணுல வெள்ளை வெள்ளையா ஏதோ ஊறிப்போய்க் கிடக்கு. என்னடா இது உரமான்னு விரல்ல எடுத்துப் பார்த்தா சுகர் மாத்திரை. நான் பார்க்கறதுக்காக வாயில போட்டுக்கிட்டு, வாசலுக்கு வந்து துப்பியிருக்கா. "ஏன்டி?"ன்னு கேட்டேன். "எதுக்குங்க ரெண்டு? அதான் புள்ள மருந்து இருக்கே"ன்னா. புள்ள மருந்து! எனக்குக் கோபம் தலைக்கேறுச்சு, கத்தினேன். கத்தினா அவ அடங்கற ஆளா?

அப்பவே நான் கையைக் காலைப் பிடிச்சாவது நிறுத்தியிருக்கலாம்னு உனக்குத் தோணும். அதுக்குள்ள அவ சாட்சி சொல்லிட்டா. அந்த ஊர் சர்ச்ல ஞாயித்துக்கிழமை பாட்டு முடிஞ்சதும், யாருக்கு ஆண்டவர் நன்மை செஞ்சாரோ அவங்க எழுந்து சொல்லலாம்ல, அந்த நேரத்துல இவ எழுந்தா. "என் மகன் நட்ட கொடியில இருந்து ஆண்டவர் எனக்குச் சுகம் கொடுத்தார், நான் மாத்திரையை விட்டுட்டேன்"னு சொல்லிட்டு உட்கார்ந்துட்டா. கூட்டம் மொத்தமும் ஸ்தோத்திரம் சொல்லுச்சு. நாலு பேர் அழுதாங்க. உங்க அம்மாவை உனக்குத் தெரியாதா? நீ பிளஸ் டூ எழுதினப்போ, நீ பாஸ் பண்ணணும், இனிமே காபி குடிக்க மாட்டேன்னு பொருத்தனை பண்ணிக்கிட்டா. நீ பாஸ் பண்ணே, காலேஜ் முடிச்சே, வேலைக்குப் போனே. அவ இன்னிக்கு வரைக்கும் காபியைத் தொடல. பக்கத்துல உட்கார்ந்து நான் டபராவுல ஆத்தும்போது வாசனையை மட்டும் பிடிச்சுக்குவா. "பாஸ் ஆகற வரைக்கும்னு வேண்டியிருக்கலாமேடி"ன்னா, "சொன்னது சொன்னதுதாங்க"ன்னுவா. ஆண்டவர்கிட்ட சொன்ன வார்த்தையை அவ திரும்ப எடுக்க மாட்டா. இப்போ மாத்திரை போட்டா சபைக்கு முன்னால சொன்னது பொய்யாயிடும். அவ பொய் சொன்னவ ஆனாகூட பரவாயில்ல, உன் தோட்டம் பொய்யாயிடும். அவ பயமெல்லாம் அதுதான்.

நான் சும்மா இருக்கல தம்பி. டாக்டர்கிட்ட கூட்டிக்கிட்டுப் போனேன். அங்க போய் நல்ல பிள்ளை மாதிரி "சாப்பிடறேன் டாக்டர்"னு தலையை ஆட்டினா. ரிப்போர்ட்ல சுகர் ஏறிக் கிடக்கு. அவர் மாத்திரையைக் கூட்டி எழுதிக் கொடுத்தார். அதுவும் தொட்டிக்குத்தான் போச்சு. அப்புறம் ஒரு கேவலமான வேலை பண்ணேன். மாத்திரையை இடிச்சு அவ கஞ்சியில கலந்து கொடுத்தேன். ரெண்டு மூணு நாள் ஒண்ணும் தெரியல, எனக்கு ஒரே குஷி. அப்புறம் கண்டுபிடிச்சிட்டா. கத்தல. கிண்ணத்தை மெதுவா கீழே வெச்சிட்டு, "உங்க கையால கொடுத்தா எதையும் யோசிக்காம குடிப்பேன்ல"ன்னா. அதுலேர்ந்து என் கையால ஒரு டம்ளர் தண்ணிகூட வாங்கறதில்ல. அவளே சமைக்கறா, அவளே போட்டுக்கறா, எனக்கும் போடறா. கோபமும் இல்ல. கோபம் இருந்தாலாவது சண்டை போட்டுத் தீர்த்திருக்கலாம்.

பாஸ்டர்கிட்டயும் போய் நின்னேன். சின்ன வயசு, நல்ல மனுஷன். "அண்ணா, அவங்க விசுவாசத்துல சொன்ன சாட்சியை நான் எப்படி மேடையில நின்னு மறுக்கறது? சபையில எத்தனை பேருக்கு அது ஆறுதலா இருக்கு தெரியுமா?"ன்னார். நான் சொல்றதுல நியாயம் இருக்குன்னு அவர் முகத்துலயே தெரிஞ்சது. தனியா சொல்லிப் பார்க்கறேன்னார். சொன்னாரோ இல்லையோ, எனக்குத் தெரியாது. நான் கிளம்பும்போது அவர் ஜன்னல்ல ஒரு தட்டு நிறைய சிறுகுறிஞ்சான் இலை காய்ஞ்சுக்கிட்டு இருந்தது. அவங்க அம்மாவுக்காம்.

கடைசியா என்ன பண்ணேன் தெரியுமா? கத்தியை எடுத்துக்கிட்டு தோட்டத்துக்குப் போனேன். கொடியை வேரோட வெட்டிடறது, பூச்சி அரிச்சிடுச்சுன்னு சொல்லிடறதுன்னு முடிவு பண்ணித்தான் போனேன். நீ போட்டுக் கொடுத்த பந்தல் முழுக்க ஏறி, அந்தப் பக்கம் இறங்கி, அது பாட்டுக்கு ஜம்முனு இருக்கு. கன்னியம்மா, அதான் குழாய்ச் சாவி வெச்சிருக்கறவங்க, பாத்தியில களை எடுத்துக்கிட்டு இருந்தாங்க. என் கையைப் பார்த்துட்டு, "இன்னாண்ணா, கத்தியும் கையுமா வந்துகினு கீறீங்க? காய்ஞ்சதை வெட்டவா? நேத்தே நான் வெட்டிட்டேன், பாருங்க"ன்னாங்க. "உங்க புள்ள கை வெச்ச செடிண்ணா, எங்க வூட்டு ஆளுங்களைவிட நல்லா பாத்துக்கறோம். எங்க வூட்டுக்காரரும் இப்ப இதான் மெல்றாரு"ன்னு சொல்லி, ஒரு குடத்தை என் கையில கொடுத்தாங்க. "அவர் மாத்திரை சாப்பிடறாரா?"ன்னு கேட்டேன். "அது இன்னாத்துக்கு?"ன்னு சிரிச்சாங்க. மாத்திரையை விடாதீங்க, விட்டா ஆபத்துன்னு சொல்லிப் பார்த்தேன். "உங்க வூட்டம்மா சொல்லிட்டாங்களேண்ணா"ன்னாங்க. நான் கத்தியை வேட்டியில மறைச்சுக்கிட்டு, கொடிக்குத் தண்ணி ஊத்திட்டு வந்தேன். வெட்டப் போனவன் தண்ணி ஊத்திட்டு வந்தேன்டா! வர்ற வழியில ரயில்ல எனக்கே என் மேல ஆத்திரமும் அழுகையுமா வந்தது.

இனிமே எழுதறது உனக்குத் தெரியாம நாங்க மறைச்சது. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில உங்க அம்மா ஒரு செருப்பு வாங்கினா. அது சுண்டு விரலைக் கடிச்சிருக்கு. சுகர் ஏறினா காலுக்கு வலி தெரியாதாமே, அவளுக்குத் தெரியவே இல்ல. தெரிஞ்ச பிறகும் தோட்டத்துலேர்ந்து குப்பைமேனியைக் கொண்டுவந்து அரைச்சுப் போட்டுக்கிட்டு என்கிட்ட மூச்சு விடல. திடீர்னு ஒரு நாள் வீட்டுக்குள்ள சாக்ஸ் போட ஆரம்பிச்சா. இந்தத் தாம்பரம் வெயில்ல, ஃபேன் காத்தே அனலா அடிக்கும்போது, வீட்டுக்குள்ள சாக்ஸ் போடற பொம்பளையை நீ பார்த்திருக்கியா? "தரை சில்லுனு இருக்குங்க"ன்னா. நான் ஒரு மடையன், வயசாகுதுன்னு நினைச்சேன். அப்புறம் வாடை வந்துச்சு. அவ குளிக்கப் போனப்போ கதவைத் தட்டி, திறக்க வெச்சுப் பார்த்தேன். விரல் கறுத்துப் போயிருந்தது. அவ என் முகத்தைப் பார்த்துட்டு, "இன்னும் ரெண்டு நாள்ல ஆறிடும்"னு எனக்கு ஆறுதல் சொல்றா!

போன மாசம் ஊர்ல ஒரு விசேஷம், டவர் கிடைக்கல, வீடியோ வேண்டாம், சும்மா பேசுப்பான்னு சொன்னோமே, அப்போ நாங்க ஆஸ்பத்திரியில இருந்தோம். சுண்டு விரலை எடுத்துட்டாங்க. தியேட்டருக்குள்ள தள்ளிக்கிட்டுப் போகும்போது என் சட்டையைப் பிடிச்சுக்கிட்டு, "அவன்கிட்ட சொல்லாதீங்க. அங்க தனியா கிடக்கறான். அவனுக்கு இருக்கற ஒரே சந்தோஷம் அந்தத் தோட்டம்தான். இப்படின்னு தெரிஞ்சா புள்ள ஒடிஞ்சு போயிடுவான்"னா. நான் தலையை ஆட்டினேன். வேற என்ன பண்றது அந்த இடத்துல? ஆஸ்பத்திரியில நர்ஸ் போட்ட ஊசியையெல்லாம் வாயைத் திறக்காம போட்டுக்கிட்டா. புண் ஆற ஆரம்பிச்சது. நான்கூட ஆண்டவரே, ஒரு விரலைக் கொடுத்து புத்தியை வாங்கிட்டோம், போதும்னு நினைச்சேன்.

வீட்டுக்கு வந்த பிறகு, ஞாயித்துக்கிழமை ஊர் சர்ச்சுக்குப் போகணும்னு அடம் பிடிச்சா. கால் டாக்ஸியில கூட்டிக்கிட்டுப் போனேன். பாட்டு முடிஞ்சதும் என் கையை ஊன்றி எழுந்து நின்னா. எனக்குத் தெரிஞ்சுபோச்சு, சொல்லப் போறா. நிஜத்தைச் சொல்லப் போறா, மாத்திரையை விடாதீங்கன்னு எல்லாருக்கும் சொல்லப் போறான்னு நம்பினேன். கன்னியம்மாகூட அன்னிக்கு இவளைப் பார்க்கறதுக்காகவே வந்து வாசப்படியில நின்னாங்க. உங்க அம்மா சொன்னா: "ஆண்டவர் ஒரு விரலோட நிறுத்திட்டார். ஆஸ்பத்திரியில எத்தனை பேருக்குக் காலையே எடுக்கறாங்க, என் கண்ணால பார்த்தேன். அந்த இலை மட்டும் உள்ள போகாம இருந்திருந்தா எனக்கும் கால் போயிருக்கும். என் மகன் நட்ட கொடிதான் என் காலைக் காப்பாத்துச்சு." சபை மொத்தமும் ஸ்தோத்திரம் சொல்லுச்சு. அவ இன்னும் உட்காரல. முழு பாரத்தையும் என் கை மேல போட்டுக்கிட்டு நிக்கறா. கையை எடுத்தா விழுந்துடுவா. எல்லாரும் எங்க ரெண்டு பேரையும் பார்க்கறாங்க. நானும் சொன்னேன். ஸ்தோத்திரம்னு நானும்தான் சொன்னேன்.

டாக்டர் வீட்டுல போட்டுக்கச் சொல்லிக் கொடுத்திருந்த சுகர் ஊசியை அன்னிக்குச் சாயங்காலமே நிறுத்திட்டா. ஆராதனை முடிஞ்சு வெளியே வந்ததும் ஏழெட்டுப் பொம்பளைங்க சுத்தி நின்னுக்கிட்டு, வீட்டுக்கு ஒரு கொடிக் குச்சி வேணும்னு கேட்டாங்க. எல்லாருக்கும் தர்றேன்னு சொல்லியிருக்கா. கால் கட்டோட உட்கார்ந்து கவர்ல மண்ணு நிரப்பிக்கிட்டு இருக்கா கீழே. அதுக்கு அடுத்த ஞாயித்துக்கிழமை நீ வீடியோவுல, "கொடி எப்படிம்மா இருக்கு?"ன்னு கேட்டே. அவ போனைத் திருப்பி அந்தக் கவரையெல்லாம் காட்டினா. உன் முகம் மலர்ந்துச்சு. அவ உன் முகத்தைப் பார்த்து மலர்ந்தா. நான் நடுவுல உட்கார்ந்து சிரிச்சுக்கிட்டு இருந்தேன்.

அப்பன்னு இருந்தா ஏதாவது புத்தி சொல்லணும். எனக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான். ஜனங்களுக்கு ஒரு அதிசயத்தைக் காட்டினா, காட்டிட்டுப் போயிடக்கூடாது. அது அவங்க வீட்டு அடுப்படியில போய் என்னவா மாறுதுன்னு பார்க்கற வரைக்கும் அங்கேயே இருக்கணும். நல்ல மனசோட செஞ்சாலும் இருக்கணும். நல்ல மனசோட செஞ்சதைத்தான் ஜனங்க கண்ணை மூடிக்கிட்டு நம்பறாங்க. இதை நான் பெரிய மனுஷன் மாதிரி சொல்லல. பக்கத்துலயே இருந்தும் என்னால ஒரு மாத்திரையை அவ தொண்டைக்குள்ள இறக்க முடியல. என் யோக்கியதை அவ்வளவுதான்.

போன் பண்ணி "மாத்திரை போடும்மா"ன்னு சொல்லாதே. "போடறேன்பா"ன்னு சிரிச்சுக்கிட்டே சொல்லுவா, அப்புறம் தொட்டிக்குப் போயிடுவா. நீ லீவு போட்டுட்டு வா. கான்ட்ராக்ட் இருக்கு, பாஸ்போர்ட் கம்பெனிக்காரங்ககிட்ட இருக்குன்னு சொல்லுவே, தெரியும். எப்படியாவது கேட்டு வாங்கிக்கிட்டு வா. ஒரு ஞாயித்துக்கிழமை அதே மைக்கைப் பிடிச்சு, அன்னிக்கு நான் காட்டினது நாக்கு வித்தை, கொடி இருக்கட்டும், கற்பூரவல்லி இருக்கட்டும், ஆனா சுகர் மாத்திரையை விட்ட அத்தனை பேரும் நாளைக்கே டாக்டர்கிட்ட போங்கன்னு சொல்லு. கன்னியம்மா வீட்டுக்காரர் பேரைச் சொல்லிச் சொல்லு. உங்க அம்மா அங்கேயே உட்கார்ந்திருப்பா. அவ முகம் சுண்டிப் போகும். ஊர் முன்னால நீ அவளைப் பொய்யாக்கிட்டேன்னு உன்கிட்ட பேசாமகூட இருப்பா, நான் கஞ்சியில கலந்ததுக்கு என் கையால தண்ணி வாங்காம இருக்கற மாதிரி. உனக்கும் வலிக்கும், நீ ஆசையா வளர்த்ததை உன் வாயாலயே குறைச்சுப் பேசணும். உன்னைத் தவிர வேற யார் சொன்னாலும் அவ காதுல ஏறாது தம்பி, நான் எல்லாரையும் விட்டுப் பார்த்துட்டேன்.

கீழேயிருந்து கூப்பிடறா. கவர் தீர்ந்து போச்சாம், கடைக்குப் போகணுமாம். போயிட்டுத்தான் வரணும். நேத்து அவ கட்டைப் பிரிச்சு மருந்து போடும்போது பக்கத்து விரலைப் பார்த்தேன். அதுவும் லேசா நிறம் மாறிக்கிட்டு இருக்கு. அவகிட்ட சொன்னேன், மஞ்சள் பட்டிருக்கும்னுட்டா. இப்போதைக்கு அவளுக்கு ரெண்டு காலும் இருக்கு. இருக்கும்போதே வா.

அப்பா